வீட்டில் யாருக்கும் வேலை இல்லை

சித்தூரில் எங்கள் திருச்சபை வளாகத்தின் கீழ்க்கோடியில் ஒரு நீண்ட ஓட்டுக் கட்டடம் இருக்கிறது. முன்பு மருந்தகமாக இருந்து, பின்னர் நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. இப்போது அதில் இளம்பெண்களுக்குக் குளிரூட்டியும் குளிர்பெட்டியும் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். இடம் சபையுடையது, செலவு அரசுடையது. பயிற்றுநரின் ஊதியம், கருவிகள், வெளியூர்ப் பெண்கள் தங்கி உண்பதற்கான செலவு ஆகிய அனைத்தும் அரசின் தொழிற்பயிற்சித் திட்டத்திலிருந்து வரவேண்டும். நான் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். செம்புக் குழாயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆட்சிக்குழுவில் பெண் ஒருவர் இருந்தாக வேண்டும் என்ற விதியை நிறைவுசெய்யவே என்னை உறுப்பினராக்கினார்கள். கூட்டத்துக்குப் போய்த் தேநீர் அருந்திக் கையெழுத்திட்டு வருவதோடு என் பணி முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அரசுப் பணம் ஒருங்கே வருவதில்லை. பெண்கள் சேர்ந்ததும் ஒரு பகுதி, தேர்வு முடிந்ததும் ஒரு பகுதி, அவர்கள் வேலையில் அமர்ந்து சில மாதங்கள் நிலைத்த பின் எஞ்சிய பகுதி. நிலைத்தார்களா என்பதை அறிய அரசு அலுவலகம் ஓர் எளிய வழி வைத்திருந்தது. பெண் பயிற்சியில் சேர்ந்தபோது கொடுத்த எண்ணைத் தொலைபேசியில் அழைத்து, அவள் வேலையில் இருக்கிறாளா என்று கேட்பார்கள். எடுத்தவர் சொல்லும் மறுமொழியே சான்று. முந்தைய அணியின் சான்று சரியாக அமைந்தால்தான் இப்போது பயில்கிற அணிக்கும் பணம் தொடரும். விதியைப் படித்தபோது எனக்கு அதில் குறையொன்றும் தோன்றவில்லை. கேட்டால் சொல்லிவிடப் போகிறார்கள், அவ்வளவுதானே என்று எண்ணினேன்.

வெயில் முற்றி மாங்காய் வரத் தொடங்கியிருந்த ஒரு காலையில் பயிற்சி நிலையத் தலைவர் என்னை அழைத்தார். எங்கள் சபையைச் சேர்ந்தவர், நாற்பதைக் கடந்தவர். எதையும் மெல்லப் பேசும் அவர் அன்று மூச்சு வாங்கப் பேசினார்.

"டீச்சர், கொஞ்சம் வர்றீங்களா. வெரிஃபிகேஷன் போச்சு."

"போயிற்றென்றால்?"

"பாதிக்கு மேல வீட்ல வேலையே இல்லன்னு சொல்லிக்கிறாங்க. புத்தலப்பட்டு பக்கம் ஒரு வீடு கூட ஆமான்னு சொல்லல. நம்ம பொய்க்கணக்கு குடுத்தோம்னு நினைக்கிறாங்க டீச்சர்."

நான் போனபோது இப்போதைய அணியினர் கூடத்தில் குழாய்களைப் பற்றவைத்துக்கொண்டிருந்தனர். நெருப்பின் நீல முனை செம்பைத் தொடும் மணம் அறை முழுவதும் பரவியிருந்தது. வாசலில் கிடந்த வாயு உருளையைப் பயிற்றுநர் ஒரு கையால் தூக்கிக் காட்டினார். ஒரு கையால் தூக்க முடிந்தது என்பதே செய்தி. உள்ளே வாயு தீர்ந்துகொண்டிருந்தது. அடுத்த உருளைக்குப் பணம் வரவேண்டும்.

முந்தைய அணியின் பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டார்களோ என்பதுதான் எங்கள் முதல் அச்சம். தலைவர் ஒவ்வொருவரையும் அவரவர் சொந்த எண்ணில் அழைத்தார். பயிற்சியில் சேரும்போது பெரும்பாலோரிடம் சொந்தத் தொலைபேசி இல்லாததால் தாயின் எண்ணைக் கொடுத்திருந்தார்கள். இப்போது சம்பாதித்துத் தமக்கென்று ஒன்று வாங்கியிருந்தார்கள். புத்தலப்பட்டுக்கு அருகிலிருந்து வந்த பெண் ஒருத்தி, திருப்பதியில் பேருந்து நிலையத்தருகே ஒரு தங்கும் விடுதியில் வேலைசெய்பவள், முதலில் எடுத்தாள்.

"சார், ஸ்டூல் மேல நிக்கிறேன். ஃபில்டர் கையில கீது. அப்பறமா பேசட்டா?"

"நீ வேலையிலதான இருக்கற?"

"இன்னா சார் கேள்வி இது? தண்ணி என் தலை மேல ஊத்திக்கினு கீது."

எல்லாரும் வேலையில் இருந்தார்கள். அதைக் கேட்டபின் என் கலக்கம் குறைந்திருக்க வேண்டும். மாறாக அது கூடிற்று. பெண்கள் வேலையில் இருக்க, பெற்றவர்கள் இல்லை என்று சொல்கிறார்கள். ஒருவர் இருவர் என்றால் தவறிச் சொன்னார்கள் எனலாம். ஊரோடு சொல்வது தவறுதல் ஆகாது.

முதலாளிகளிடமிருந்து சான்று வாங்கி அனுப்புகிறோம் என்று தலைவர் அரசு அலுவலகத்துக்கு முறையிட்டார். சான்றை வைத்துக்கொள்கிறோம், ஆயினும் வீட்டார் வாயால் சொல்லவேண்டும், மீண்டும் ஒருமுறை மட்டும் அழைப்போம் என்று மறுமொழி வந்தது. என்றைக்கு என்று சொல்லவில்லை. அதுவரை தற்போதைய அணிக்கான பணமும் நிறுத்திவைக்கப்படும்.

அன்று பிற்பகலே திருப்பதிப் பேருந்தில் ஏறிப் புத்தலப்பட்டில் இறங்கினோம். விடுதியில் வேலைசெய்யும் அந்தப் பெண்ணின் தாயைத்தான் பார்க்கப் போனோம். அதற்குக் காரணம் உண்டு. அந்தத் தாயின் இளைய மகள் இப்போதைய அணியில் பாதிப் பயிற்சியில் இருந்தாள். பணம் நின்றால் முதலில் வீடு திரும்பவேண்டியவள் அவள்தான். தேர்வு எழுதாமல் திரும்பினால் கையில் சான்றிதழும் இல்லை. மாந்தோப்பில் தாயோடு கூடை சுமப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை.

தாய் ஒரு தோப்பில் கிளிமூக்கு மாங்காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். கணவனை இழந்தவள். நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். சுற்றிலும் வேறு பெண்களும் குவியலின் முன் அமர்ந்திருந்தார்கள். மாங்காய்க் காம்பின் பால் பட்டுக் கைகள் கறுத்திருந்தன. எங்களைக் கண்டதும் எழுந்து ஒரு சாக்கை விரித்துப் போட்டாள்.

"உக்காரு டீச்சரம்மா. சின்னது எதுனா தப்பு பண்ணிட்ச்சா?"

"அவள் ஒன்றும் செய்யவில்லை. உனக்கு ஒரு தொலைபேசி வந்ததே, பெரியவள் வேலையில் இருக்கிறாளா என்று கேட்டு? என்ன சொன்னாய்?"

"லேதண்டின்னு சொன்னேன்."

இல்லை ஐயா என்பதைத் தெலுங்கில் அவ்வளவு தெளிவாகச் சொன்னாள். அதில் மறைப்போ தயக்கமோ இல்லை.

தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏம்மா அப்படிச் சொன்ன? அவ திருப்பதியில சம்பளம் வாங்கிக்கினு கீறாளே."

"வாங்கறா சாரு. அத்த போன்ல சொல்வாங்களா?" அவள் குவியலுக்கு அப்பால் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "நாங்க எல்லாமே அப்படித்தான் சொல்வோம். தெலுங்குல யாரு போன் பண்ணி வேலை கீதா, சம்பளம் கீதான்னு கேட்டாலும் லேதுதான். சங்கத்துலயே பேசி வெச்சது."

"எந்தச் சங்கத்தில்?"

"மகளிர் சங்கம்தான். போன வருசம் சச்சிவாலயத்துல இருந்து கேட்டாங்கோ, அந்தத் தெருவுல ஒருத்தி பையன் வேலை செய்றான்னு பெருமையா சொல்ட்டா. அவளுக்கு அரிசி கார்டு நின்னு போச்சு. இன்னிக்கும் அலைஞ்சிக்கினு கீறா."

அருகிலிருந்த ஒருத்தி மாங்காயைத் துடைத்தபடியே சொன்னாள்: "பெருமையத் துன்ன முடியுமா டீச்சரம்மா?" மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஊர்ச் செயலகத்திலிருந்து வரும் கேள்வியும் தொழிற்பயிற்சி அலுவலகத்திலிருந்து வரும் கேள்வியும் அவர்கள் காதில் ஒரே குரலாகத்தான் விழுந்திருக்கின்றன. தெலுங்கில் பேசுகிற ஓர் அலுவலர் குரல். வீட்டில் வேலை உண்டா என்ற கேள்வி. ஒரு குரலுக்கு உண்டு என்றால் பயிற்சி நிலைக்கும். மற்றொரு குரலுக்கு உண்டு என்றால் அரிசி போகும், கைம்பெண் ஓய்வூதியமும் போகலாம். எந்தக் குரல் எது என்று அவர்களுக்கு எவரும் சொன்னதில்லை. நாங்களும் சொல்லவில்லை.

தலைவர் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். இது வேறு அலுவலகம், பெரியவள் பெயரில் சரியான மறுமொழி கிடைத்தால்தான் சின்னவள் படிப்பை முடிக்க முடியும், மீண்டும் ஒரு முறை அழைப்பார்கள், அப்போது உண்டு என்று சொல்லவேண்டும் என்றார். அவள் முழுவதும் கேட்டாள். பின்பு அவரை விட்டு என்னைப் பார்த்தாள்.

"நீ சொல்லு டீச்சரம்மா. ஆமான்னு சொன்னா அரிசி நிக்காது இல்ல?"

தலைவர் என்னைப் பார்த்த பார்வையின் பொருள் எனக்கு விளங்கிற்று. நிற்காது என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும், அவர்கள் நம்பிவிடுவார்கள். அந்தச் சொல் நாவின் நுனிவரை வந்தது.

"எனக்குத் தெரியாது, அம்மா" என்றேன். "கேட்டுச் சொல்கிறேன்."

அவள் மறுபடி குவியலின் முன் அமர்ந்தாள். "கேட்டுச் சொல்லு. பெரியது எனக்குக் கையில குடுக்குது, இல்லன்னு சொல்லல. நாளைக்கு அத்தக் கட்டிக் குடுத்தா அந்தக் கை வேற வீட்டுக்குப் போயிடும். அரிசி எங்க போகும்? அது என்கிட்டதான் இருக்கும்."

 திரும்பும் வழியில் சித்தூர் நெருங்கும்போது தலைவர், "ஆமான்னு சொல்லிருக்கலாம் டீச்சர்" என்று மட்டும் சொன்னார். சினமில்லாமல்தான் சொன்னார்.

மறுநாள் நான் மட்டும் அவர்கள் ஊர்ச் செயலகத்துக்குப் போனேன். இளைஞர் ஒருவர் நல்ல முறையில் பேசினார், நாற்காலியும் கொடுத்தார். ஒரு பெண் தனியார் விடுதியில் வேலைசெய்தால் தாயின் அரிசி அட்டை என்னவாகும் என்று கேட்டேன். எவ்வளவு சம்பளம், அவள் பெயர் தாயின் அட்டையில்தான் இருக்கிறதா, வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்களா என்றெல்லாம் வினவினார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அப்படீன்னா போகாதுன்னுதான் தோணுது மேடம். ஆனா நம்ம கையில ஒண்ணும் லேது, சிஸ்டம்தான் தீர்மானிக்கும்" என்றார். பயிற்சி அலுவலகத்துக்குச் சொல்கிற மறுமொழி அந்தக் கணினிக்குள் போகுமா என்றேன். அவர் சற்று எண்ணிப் பார்த்தார். "இப்போ போகாது. அப்பறம் கலிபேஸ்தே தெரியாது" என்றார். எல்லாவற்றையும் ஒருநாள் ஒன்றாக இணைத்துவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியவில்லை.

தோன்றுகிறது என்ற சொல்லை நான் எப்படித் தோப்புக்கு எடுத்துச் செல்வது? ஆயினும் எடுத்துச் சென்றேன். அவர் சொன்னதைக் கூட்டாமலும் குறைக்காமலும் அந்தத் தாயிடம் சொன்னேன். போகாது என்று தோன்றுகிறது, உறுதி இல்லை. அவள், "சரி டீச்சரம்மா" என்றாள். என்ன செய்யப் போகிறாள் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதன்பின் காத்திருந்த நாள்கள் எனக்கு நலமாகக் கழியவில்லை. என் தொலைபேசி ஒலித்தாலே எழுந்து ஓடினேன். அழைப்பு எனக்கு வரப்போவதில்லை, அவர்களுக்குத்தான் வரும் என்பது தெரிந்தும் அப்படி. காலையில் விவிலியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே வரியை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்கள் மீண்டும் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்பது ஓர் அச்சம். உண்டு என்று சொல்லி, அதனால் அரிசி நின்றுவிடுமோ என்பது அதனினும் பெரிய அச்சம். இரண்டில் எதற்காக வேண்டிக்கொள்வது என்று அறியாமல் கண்ணை மூடிச் சும்மா அமர்ந்திருந்ததும் உண்டு.

இடையில் கண் காட்டிக்கொள்வதற்காகத் திருப்பதி மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. அப்படியே மூத்தவளையும் பார்த்தேன். மலையிலிருந்து மொட்டைத் தலையில் சந்தனத்தோடு இறங்கி வந்த குடும்பங்கள் விடுதியின் முன்கூடம் முழுவதும் அமர்ந்திருந்தன. அவள் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படியில் இறங்கி வந்தாள். பெண்களும் குழந்தைகளும் குளித்து உறங்கும் அறைகளுக்குள் ஆண் பழுதாளர் போவதற்குத் தயங்குவதால், அந்தத் தெருவின் விடுதிகள் பலவும் இவளையே அழைக்கின்றன என்று மேலாளர் சொன்னார்.

அவளிடம் தாயைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"எங்கம்மா இல்லன்னு சொன்னா எல்லாம் நல்லாகீதுன்னு அர்த்தம், டீச்சர். நெஜமாவே இல்லன்னா வாயத் தொறக்காது."

"உன் தங்கையின் படிப்பு நின்றுவிடும்போல் இருக்கிறதே."

சிரிப்பு நின்றது. பையின் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். "நான் சொன்னா கேக்காது. என் கல்யாணம் வரைக்கும்தான் என் பேச்சுக்கு வெலைன்னு சொல்லும். அது பயப்படறதுல தப்பு இல்ல டீச்சர். நைனா போனப்ப அந்த அரிசிதான் எங்களத் தூக்கி விட்டுது."

அடுத்த வாரம் நிலையத்தின் பணம் முற்றும் தீர்ந்தது. அங்கே தங்கிய பெண்களுக்கான சமையலை நிறுத்தவேண்டியதாயிற்று. வெளியூர்ப் பெண்களை அழைத்துப் போகும்படி பெற்றோருக்குச் சொல்லி அனுப்பினார் தலைவர். அழைப்பு வந்து எல்லாம் சரியானால் மறுபடி கூப்பிடுவோம் என்று சொன்னார். ஒருமுறை வீட்டுக்குப் போன பெண் திரும்பி வருவது அரிது என்பது அவருக்கும் தெரியும். மாங்காய்ப் பருவம், வீட்டில் ஒரு கை கூடினால் ஒரு கூலி கூடும்.

புத்தலப்பட்டிலிருந்து அந்தத் தாய் காலைப் பேருந்தில் வந்தாள். நானும் அங்கே இருந்தேன். இளையவள் தாழ்வாரத்தில் தன் பையையும் வாளியையும் பாயையும் அடுக்கி வைத்திருந்தாள். அழவில்லை. அன்று காலை பற்றவைத்த செம்பு வளைவு ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, காற்று அடைத்து, தண்ணீர் நிரம்பிய தொட்டியில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். குமிழி வரவில்லை. இணைப்பு நன்றாகப் பிடித்திருந்தது.

"உட்டுட்டு வாடி" என்றாள் தாய். "பஸ் போயிடும்."

"இரும்மா. இன்னொரு வாட்டி காத்து அடிச்சிப் பார்த்துக்கினு வரேன்."

"யாருக்குப் பார்த்துக்கினு கீற? அதான் முடிஞ்சிப் போச்சே."

அப்போது தாயின் இடுப்பில் செருகியிருந்த தொலைபேசி ஒலித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். மறுமுனையின் குரல் எங்களுக்கும் கேட்கும் அளவுக்கு உரக்கப் பேசிற்று. ஒரு பெண், தெலுங்கில், விரைவாக. பெரிய மகளின் பெயரைச் சொல்லி, வேலையில் இருக்கிறாளா என்று கேட்டாள்.

"லேதண்டி" என்றாள் தாய்.

அது எண்ணிச் சொன்ன மறுமொழி அல்ல. பழகிய வாய் முந்திக்கொண்டது. தலைவர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இளையவள் தொட்டியிலிருந்து நிமிர்ந்தாள். கையிலிருந்த குழாயிலிருந்து நீர் சொட்டிற்று.  தாயையே பார்த்தாள்.

தாயின் முகம் ஒருமுறை சுருங்கி விரிந்தது. "ஆகண்டி, ஆகண்டி" என்றாள். நிறுத்துங்கள், போகாதீர்கள் என்று. "உந்தி. பெத்த பாப்ப பனிலோனே உந்தி. திருப்பதிலோ." பெரியவள் வேலையில்தான் இருக்கிறாள், திருப்பதியில். அடுத்து, குரல் சற்றுத் தாழ, அரிசியை நிறுத்திவிட மாட்டீர்களே என்று கேட்டாள்.

அது எங்கள் துறை இல்லையம்மா என்றது மறுமுனை. என்ன வேலை, எத்தனை மாதமாக என்று இன்னும் இரண்டொரு கேள்வி கேட்டுவிட்டுத் தொடர்பைத் துண்டித்தது.

தாய் தொலைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு தாழ்வாரத்துப் படியில் உட்கார்ந்தாள். 

"சொல்ட்டேன் டீச்சரம்மா" என்றாள். "இனிமே அரிசி நின்னா உன் வீட்டு வாசல்லதான் வந்து உக்காருவேன்."

"வா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

இளையவள் பையை அவிழ்க்கவில்லை. அன்று தாயோடு ஊருக்குப் போனாள். சில நாள்களில் நிறுத்திவைத்த பணம் வந்தது, தலைவர் கூப்பிட்டார், அவள் வந்தாள். எல்லாப் பெண்களும் திரும்பவில்லை. மற்றத் தாய்மாருள் சிலர் உண்டு என்றார்கள், சிலர் பழையபடி இல்லை என்றே சொன்னார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. உண்டு என்றவர்களின் எண்ணிக்கை இப்போதைய அணியைக் கரை சேர்க்கப் போதுமானதாக இருந்தது. அடுத்த அணிக்கு ஒப்புதல் உண்டா இல்லையா என்பது இதை எழுதும் வரை தெரியவில்லை. தலைவர் நாள்தோறும் மின்னஞ்சலைத் திறந்து பார்க்கிறார்.

இனிப் பயிற்சியில் சேரும் பெண்களின் வீட்டாருக்கு எந்த அலுவலகம் எதற்காக அழைக்கும் என்பதை முதல் நாளே தமிழில் சொல்லவேண்டும் என்று ஆட்சிக்குழுவில் பேசினேன். ஒப்புக்கொண்டார்கள். அந்த அழைப்பால் அரிசிக்கு ஒன்றும் ஆகாது என்ற வரியையும் சேர்க்கலாமே என்றார் ஒருவர். அந்த வரியைச் சொல்ல நம்மில் எவருக்கு உரிமை என்று கேட்டேன். அந்தப் பேச்சு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

மாதம் பிறந்தது. நியாயவிலைக் கடை திறக்கும் நாளன்று காலையிலிருந்தே தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். நண்பகல் கழிந்தும் அழைப்பு இல்லை. அவள் ஊருக்குப் பேருந்தில் போய்விடலாமா என்று செருப்பைக்கூட மாட்டினேன். வாசலில் இறங்கும்போது தொலைபேசி ஒலித்தது.

"டீச்சரம்மா, விரல் வெச்சேன். மிஷின் எடுத்துக்கிச்சி. அரிசி போட்டாங்கோ."

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "நல்லது அம்மா. நல்லது."

"நல்லதுதான்" என்றாள். பின்னால் யாரோ மூட்டையை இழுக்கும் ஒலி கேட்டது. "இந்த மாசம் வந்துட்ச்சி. வர்ற மாசமும் போன் பண்றேன். நீ எங்கயும் போயிடாத."

நான் எங்கும் போவதில்லை. ஒவ்வொரு மாதமும் அந்த நாளில் வீட்டில்தான் இருக்கிறேன்.